குளிப்பாட்டுவது ஒரு வேலையே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய இன நாய்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் படித்தோம். நியூஃபவுண்ட்லாந்து நாய்க்கு அதில் நாலே வரி. சாதுவானது, குழந்தைகளிடம் பிரியமாக இருக்கும், தண்ணீர் என்றால் உயிர், அவ்வப்போது குளிப்பாட்டினால் போதும். முதல் மூன்றும் சரி. நாலாவதைப் படித்துவிட்டு என் கணவர் சிரித்த சிரிப்பில், தூங்கிக்கொண்டிருந்த போசன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

போசன் எங்கள் நாய். ஏழு வயது, 64 கிலோ, கன்னங்கரிய நிறம். பெயரைக் கேட்பவர்கள் நிறையத் தின்பான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போஜனத்துக்கும் அவனுக்கும் உள்ள நெருக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் வந்த வழி வேறு. ஆங்கிலக் கவிஞர் பைரன் வளர்த்த நியூஃபவுண்ட்லாந்து நாயின் பெயர் அது. கப்பலில் மாலுமிகளை வேலை வாங்குகிறவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 1808-இல் அந்த நாய் வெறிநோய் கண்டு இறந்தது. இங்கிலாந்தில் தன் குடும்ப மாளிகையான நியூஸ்டெட் அபேயில் பைரன் அதற்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அவருடைய கல்லறையைவிடப் பெரியது. இப்படி ஒரு நாயோடு ஏழு வருடம் இருந்துவிட்ட எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த நாயைக் குளிப்பாட்டுவது ஒரு வேலையே இல்லை. குழாய் திறக்கும் சத்தம் கேட்டாலே தானாக வந்து நிற்பான். காய வைப்பதுதான் வேலை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

இவனுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே நீளமான, எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி. அடியில் பஞ்சு போல அடர்ந்த முடி. மேல்முடியில் தண்ணீர் சட்டென்று ஊறாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி, வலை இழுத்து, கயிற்றை வாயில் கவ்விக் கரைக்குக் கொண்டுவந்த இனத்துக்கு அது தேவைதான். ஆனால் அரை மணி நேரம் நீந்திவிட்டு வந்தால் அடிமுடியும் நனைந்துவிடும். நனைந்தால் லேசில் காயாது. மேலே தடவிப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். விரலை உள்ளே விட்டால் சில்லென்று ஈரம்.

முதல் வருடம் நாங்கள் ஏமாந்தது இதில்தான். மாலையில் நீந்திவிட்டு வந்தவனைத் துண்டால் துடைத்து, காய்ந்துவிட்டான் என்று படுக்கவிட்டோம். காலையில் பார்த்தால் காதுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நீர் கசியும் புண். ராத்திரி முழுக்கச் சொறிந்திருக்கிறான். கால்நடை மருத்துவர் அந்த இடத்தில் மட்டும் முடியை வழித்து மருந்து போட்டார். ஈரம் தோலோடு தங்கினால் ஒரே இரவில் இப்படி ஆகும் என்றார். காதும் அப்படித்தான். தொங்கும் காது, உள்ளே காற்றுப் போகாது, ஒரு வாரம் கவனிக்காவிட்டால் நாற்றம் அடிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது ஒவ்வொரு நீச்சலுக்குப் பிறகும் ஆறு துண்டு, அப்புறம் காற்றைப் பீய்ச்சி அடிக்கும் ஊதுகருவி, அப்புறம் சீப்பு. நாம் தலைக்குப் பிடித்துக்கொள்ளும் ட்ரையர் இதற்கு ஆகாது. அது சூடு தருமே தவிர, அடிமுடியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளாது. காதுமடல் பின்புறம், கைக்குழி, வால் அடி, தொடையிடுக்கு. மொத்தம் ஒன்றரை மணி நேரம். பாதியில் அவன் சுகமாகத் தூங்கிவிடுவான். தூங்குகிற 64 கிலோவை மறுபக்கம் புரட்ட இரண்டு ஆள் வேண்டும்.

எச்சில் ஒழுகுவதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் எழுதவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும்: தலையை ஒரு உதறு உதறினால் அது கூரைவரை போகும்.

கட்டுரையாளர் சொன்ன இன்னொரு யோசனைதான் என்னைக் கடிதம் எழுதவே வைத்தது. 'வெயில் காலத்தில் முடியை மழித்துவிடலாம்' என்று போட்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்த முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட மழித்தால் தோல் வெந்துபோகலாம். சில நாய்களுக்கு முடி பழையபடி வளர்வதே இல்லை. உதிர்ந்த அடிமுடியை வாரி எடுத்துவிட்டால் காற்று உள்ளே போகும், அது போதும். நடையை விடியற்காலைக்கும் இருட்டிய பிறகுக்கும் மாற்ற வேண்டும், பகலில் குளிர்ந்த அறை வேண்டும். வருடம் முழுக்க வெயில் கொளுத்துகிற இடத்தில் இருப்பவர்கள் இந்த இனத்தை வாங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

தண்ணீரில் இவன் அழகைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். கால்விரல்களுக்கு நடுவே சவ்வு உண்டு, பாதம் விரிந்தால் துடுப்பு மாதிரி. மற்ற நாய்கள் முன்னங்காலால் தண்ணீரை அடித்து நீந்தும். இவன் கையைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளுவான், கிட்டத்தட்ட நாம் தவளை நீச்சல் அடிப்பது போல. வால் சுக்கான். சத்தமே இருக்காது. இத்தாலியில் இந்த இன நாய்களை ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து ஆட்களைக் காப்பாற்றப் பழக்குகிறார்கள். போசனுக்கு யாரும் பழக்கவில்லை. அதுதான் சிக்கல்.

அவனைப் பொறுத்தவரை தண்ணீரில் இருக்கிற மனிதர் எல்லோரும் மூழ்கிக்கொண்டிருப்பவர்கள். என் மகள் நன்றாக நீந்துவாள். அவள் இறங்கிய மறுநிமிடம் இவன் குதிப்பான், அவளைச் சுற்றி ஒரு வட்டம் அடிப்பான், மணிக்கட்டை மெல்லக் கவ்விக் கரைக்கு இழுத்து வருவான். பல் பதியாது. ஆனால் விடவும் மாட்டான். மறுபடி இறங்கினால் மறுபடி காப்பாற்றுவான். என் கணவரை ஒரே மாலையில் ஒன்பது முறை காப்பாற்றிய பிறகு அவர் நீந்துவதையே விட்டுவிட்டார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய நாய் மேலே ஏறினால் நல்ல நீச்சல்காரரும் உள்ளே போய்விடுவார். நகம் கிழித்த கோடு என் முதுகில் இன்னும் இருக்கிறது. நீச்சல் தெரியாதவர் பக்கத்தில் இவனை விடவே கூடாது. முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டையை மாட்டி, 'இரு' என்றால் கரையிலேயே இருக்கப் பழக்க எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது. குட்டியாக இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். அப்போது அவன் எங்களை இழுத்து வருவதைப் படம் பிடித்து ரசித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள் வெகுநேரம் குளிர்ந்த தண்ணீரில் நீந்திவிட்டு வந்தான். மறுநாள் காலை வால் முறிந்த கிளை மாதிரித் தொங்கியது, தொட்டால் முனகினான். எலும்பு முறிந்துவிட்டது என்று பதறி ஓடினோம். வால் தசை களைத்துப் போயிருக்கிறது, ஓய்வு கொடுங்கள் என்று அனுப்பினார்கள். நாலு நாளில் ஆட்டத் தொடங்கினான். இவனுக்கு நிறுத்தத் தெரியாது, நாம்தான் நிறுத்த வேண்டும். பந்தைத் திரும்பத் திரும்ப எறிந்தால் ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வருவான்; அளவு மீறினால் உடம்பில் உப்புச் சத்து குறைந்து உயிருக்கே ஆபத்து. நீலப்பச்சைப் பாசி படர்ந்த குளத்தில் இறக்கவே கூடாது, அது விஷம்.

படத்தைப் பற்றியும் ஒரு திருத்தம். கறுப்பும் வெள்ளையுமாக இருந்த நாயைக் 'கலப்பினம்' என்று போட்டிருந்தீர்கள். அது லேண்ட்சீர். அந்த நிற நாய்களை நிறைய வரைந்த ஓவியர் எட்வின் லேண்ட்சீரின் பெயரால் வந்தது. அமெரிக்காவில் அதை நியூஃபவுண்ட்லாந்தின் ஒரு நிறமாகவே கணக்கில் வைக்கிறார்கள். ஐரோப்பாவில் அதே பெயரில் தனி இனமும் உண்டு. கலப்பினம் இல்லை.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் தகப்பனின் இடுப்பு எலும்புக்கும் இதயத்துக்கும் பரிசோதனை செய்த தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த இனத்தில் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பாதை பிறவியிலேயே குறுகிப்போகும் நோய் உண்டு. எங்களுக்கு விற்றவர் அப்படி எதையும் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குட்டியின் பாதத்தைப் பார்த்து மயங்கி நின்றோம். போசனுக்கு இதயம் நன்றாக இருக்கிறது. இடுப்புதான் தேய்ந்துவிட்டது.

எட்டிலிருந்து பத்து வருடம்தான் இந்த இனத்துக்கு ஆயுள் என்று கட்டுரையின் ஓரத்துப் பெட்டியில் சிறிய எழுத்தில் இருந்தது. போசனுக்கு ஏழு முடியப் போகிறது. இப்போதெல்லாம் குதிப்பதில்லை. மெதுவாக இறங்கி, மார்பளவு தண்ணீரில் போய் நின்றுகொள்கிறான். யாரையும் காப்பாற்றுவதில்லை, மகள் நீந்தினால் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவனுக்கு எப்போது வெளியே வரத் தோன்றுகிறதோ, அதுவரை நானும் பக்கத்தில் நிற்கிறேன். நீச்சல் பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. காய வைக்க இன்னமும் அதே ஒன்றரை மணி நேரம்தான்.

இப்படிக்கு,
போசன் வீட்டு வாசகி