உன் மகன் போட்ட சின்ஸ்

தென்காசி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் பையனின் விண்ணப்பமும் நேற்று வந்தன. இங்கே நாலு நாளாகச் சாரல். துணி காயவில்லை என்று வீட்டில் ஒரே புலம்பல். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே.

பையன் நன்றாகவே எழுதியிருக்கிறான். 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்' என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் டைப் அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். மேலதிகாரி ஒன்றும் பேசவில்லை. சின்ஸைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். என்ன தப்பு என்று கேட்கப் பயம். கார்பன் வைத்துப் பக்கம் முழுவதையும் மறுபடி அடித்தேன், அதே சின்ஸோடு! இரண்டாவது வட்டம் இன்னும் பெரிதாக இருந்தது.

சின்ஸுக்குப் பின்னால் தொடங்கிய நேரம் வரவேண்டும்: சின்ஸ் 2019, சின்ஸ் மண்டே. எவ்வளவு காலம் என்ற அளவு வந்தால் ஃபார். எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிற விஷயம்தான், என் மண்டையில் ஏறவில்லை. ஒருநாள் காய்ச்சலோடு டாக்டரிடம் போய் உட்கார்ந்தபோதுதான் ஏறியது. "எத்தனை நாளா காய்ச்சல்?" என்றார். "மூணு நாளா." "இருமல் எப்போலேருந்து?" "ஞாயித்துக்கிழமையிலேருந்து." அடடா, நாம் இதைத் தமிழில் பிரித்துத்தானே பேசுகிறோம்! 'ஆக' வந்தால் ஃபார், 'இலிருந்து' வந்தால் சின்ஸ். இந்திக்காரருக்கு இரண்டுக்கும் ஒரே 'ஸே'. அவர் தடுமாறினால் நியாயம் உண்டு. ஜெர்மன்காரருக்கும் 'ஸைட்' என்று ஒன்றுதான், அவரும் இதே இடத்தில் சறுக்குவார். கையில் இரண்டை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கென்ன கேடு?

இதில் வேடிக்கை லீவ் லெட்டர்தான். 'கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்' என்பதைப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, அதில் நம் வகுப்பில் ஒருவனும் தப்பு விட்டதில்லை. அதே கை மேல்வரியில் காய்ச்சலுக்கு 'சின்ஸ் டூ டேஸ்' என்று எழுதும். ரெண்டு நாளாகக் காய்ச்சல், ரெண்டு நாளைக்கு லீவு: இங்கிலீஷில் இரண்டுக்குமே ஃபார்தான்.

பையனிடம் ஒன்று சொல். சின்ஸை அடித்துவிட்டு ஃபார் போட்டால் மட்டும் வாக்கியம் தேறாது, 'ஐ ஆம் வொர்க்கிங்' உதைக்கும். 'ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இங்கிலீஷ் அந்த இடத்தில் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' கேட்கும். 'மதுரையில் ஆறு வருஷம் இருந்தேன்' என்றால் பெட்டி கட்டிக் கிளம்பி வந்தாயிற்று என்று அர்த்தம். பார், அங்கே 'ஆக' இல்லை. அதற்கு 'லிவ்ட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' போதும். 'ஆக' ஒட்டிக்கொண்டு வினையும் நிகழ்காலத்தில் நின்றால் ஹேவ் பீன். எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல். சின்ஸ் எனக்கு ஒரு காய்ச்சலில் பிடிபட்டது. ஹேவ் பீன் கைக்கு வர ரிட்டயர்மெண்ட் நெருங்கிவிட்டது.

கடைசிப் பத்தியில் 'சின்ஸ் லாங்' என்று ஒன்று இருக்கிறது. 'ரொம்ப நாளாக'தானே அது? 'ஃபார் எ லாங் டைம்' என்று மாற்றியிருக்கிறேன். எல்லாம் பென்சிலில்தான், சிவப்பு மை எடுக்கவில்லை.

இந்த சீசனுக்கு வருகிறேன் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. வரும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட் வாங்கி வா, பல் இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
கணபதி