ஷார்னியே பிடிபடவே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் பழைய உலகப் படங்கள் பற்றிய தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். சென்ற இதழில் 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' குறித்த கட்டுரையில், நியூயார்க் துப்பறிவாளர் டாயில் கடைசியில் போதைப்பொருள் கடத்தல் கும்பலைக் கூண்டோடு பிடித்துவிடுவதாக எழுதியிருந்தது. அது தவறு. கும்பலின் தலைவன் ஷார்னியே தப்பிவிடுகிறான். இது ஒரு வரித் திருத்தம் என்றால் ஓர் அஞ்சலட்டையோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தப் படத்தின் உயிரே அந்த முடிவில்தான் இருக்கிறது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1980களில் உடன் வேலை பார்த்த நண்பர் வீட்டில் வீடியோ கேசட் போட்டு இந்தப் படத்தைப் பார்த்தோம். ஆங்கில வசனத்தில் பாதிகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு காட்சி வந்ததும் நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஷார்னியேயும் அவன் அடியாள் நிக்கோலியும் நியூயார்க்கின் நல்ல உணவகம் ஒன்றில் சாவகாசமாகச் சாப்பிடுகிறார்கள். ஒரு வகை முடிந்து அடுத்த வகை வருகிறது. எதிர்ச்சாரியில் கடைவாசல் ஒன்றில் ஒடுங்கி, குளிரில் கால் மாற்றி மாற்றி நிற்கிறார் டாயில். கையில் ஆறிப்போன பீட்சா துண்டு. காகிதக் கோப்பையில் இருந்த காபியை வாயில் வைத்தவர் குடிக்க முடியாமல் தரையில் ஊற்றுகிறார்.

மஃப்டியில் நின்றவனுக்குத்தான் அந்தக் காட்சியின் அருமை தெரியும். ஒரு தடவை லாட்ஜ் ஒன்றுக்கு எதிரே மூன்று இரவு நின்றேன். மார்கழிப் பனி. பெட்டிக்கடை மூடும்வரை டீ கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில்தான் தெரிந்தது, ஆள் முதல் இரவே பின்பக்கச் சுவர் வழியாகப் போய்விட்டான் என்று. எங்கள் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் கழியும். அதை வெட்டி எறியாமல் காட்டிய படம் என்பதால்தான் 'தி பிரெஞ்ச் கனெக்‌ஷன்' எனக்கு இவ்வளவு நெருக்கம். இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் ஆவணப்படம் எடுத்துப் பழகிய கை. ஓவன் ராய்ஸ்மன் ஒளிப்பதிவில் கேமராவும் இன்னொரு மஃப்டி போலீஸ்காரர் மாதிரி தள்ளி நின்று, தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறது.

உங்கள் கட்டுரையாளர் பாதி இடத்தைக் கார் துரத்தலுக்கே கொடுத்திருக்கிறார். புரூக்ளினில் மேம்பாலத் தண்டவாளத்தில் நிக்கோலி தப்பிப் போகும் ரயில் ஓட, கீழே டாயில் காரில் பறக்கும் காட்சி. நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. பின்னணி இசை கிடையாது. டயரும் ஹாரனும் ரயில் சத்தமும்தான். படத்தில் அடிபடும் கார்களில் ஒன்று, படப்பிடிப்பு நடப்பது தெரியாமல் தன் வழியில் வந்த அந்த ஊர்க்காரர் ஒருவருடையது. அந்த மோதலை வெட்டாமல் விட்டார்கள்.

ஆனால் அந்தத் துரத்தல் எப்படி முடிகிறது என்று கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லையே? ரயிலிலிருந்து தள்ளாடி இறங்கும் நிக்கோலியிடம் அப்போது துப்பாக்கி இல்லை. ஸ்டேஷன் படியில் திரும்பி ஏறி ஓடப் பார்க்கிறான். டாயில் அவன் முதுகில் சுடுகிறார். படத்தின் போஸ்டரிலேயே அச்சிட்டது அந்தக் கணத்தைத்தான். நிக்கோலி அதுவரை செய்த கொலைகளை மறந்து நான் பேசவில்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்ட போலீஸ்காரரை 'வீர நாயகன்' என்று எழுதும்போது, சீருடை போட்டிருந்த எனக்கே உறுத்துகிறது. டாயிலாக நடித்த ஜீன் ஹாக்மனுக்கும் இந்தப் பாத்திரத்தின் முரட்டுத்தனமும் இனவெறியும் ஒட்டவே இல்லை. விலகிவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அந்தச் சங்கடத்தோடு நடித்துத்தான் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வாங்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது, காரைப் பிரித்துப் போடும் காட்சி. போலீஸ் பணிமனையில், சரக்கு இருப்பதாகச் சந்தேகித்த லிங்கன் காரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்போது டாயிலோடு வேலை பார்க்கும் துப்பறிவாளர் ரூசோ எடைக் கணக்கைப் பார்க்கிறார். புத்தகத்தில் போட்டிருப்பதைவிட வண்டி 120 பவுண்டு கூடுதல். எல்லாம் கழற்றியாயிற்றா என்று கேட்டால், கதவுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பெட்டி மட்டும்தான் பாக்கி என்கிறார் மெக்கானிக். அதற்குள் இருக்கிறது ஹெராயின். எந்தச் சண்டைக்காட்சியும் எனக்கு இந்தக் கூட்டல் கழித்தல் தந்த சந்தோஷத்தைத் தந்ததில்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். பாழடைந்த கட்டடத்துக்குள் இருட்டில் தேடும் டாயில், ஷார்னியே என்று நினைத்துத் தன்னோடு வந்த மத்திய அரசு அதிகாரியையே சுட்டுவிடுகிறார். குனிந்துகூடப் பார்க்காமல் மேலும் உள்ளே போகிறார். திரைக்கு வெளியே ஒரு துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான். அதன்பின் எழுத்துகள் வருகின்றன. பணம் போட்ட வெய்ன்ஸ்டாக் மீதான வழக்கு, போதிய ஆதாரம் இல்லையென்று தள்ளுபடி. கடத்தலில் சிக்கிய லூ போக்காவுக்குத் தண்டனைக் குறைப்பு. ஷார்னியே பிடிபடவே இல்லை. டாயிலும் ரூசோவும் போதைப்பொருள் பிரிவிலிருந்து மாற்றம். அன்று கேசட் பார்த்த நண்பர், "கேஸ் போச்சு, டிரான்ஸ்பரும் ஆச்சு" என்று மெதுவாகச் சொன்னார். வேறு யாரும் பேசவில்லை.

படத்தின் அடிப்படை நிஜமாக நடந்த வழக்கு. துருக்கி அபினை பிரான்சின் மார்செய் நகரத்து ரகசியக் கூடங்களில் ஹெராயினாக்கி நியூயார்க்குக்கு அனுப்பிய காலம் அது. 1962 ஜனவரியில் எட்டி ஈகன், சோனி குரோசோ என்ற இரு துப்பறிவாளர்கள் இந்தச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தார்கள். ஜாக் ஆஞ்செல்வன் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சிப் பிரபலத்தின் பியூக் காரில்தான் சரக்கு வந்தது. ஈகனும் குரோசோவும் படத்தில் சிறு வேடங்களில் நடித்தும் இருக்கிறார்கள். டாயிலுக்கு மேலதிகாரியாக வருபவர்தான் ஈகன்.

கைப்பற்றிய அந்தச் சரக்குக்கு என்ன ஆனது என்பதையும் உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். நியூயார்க் காவல்துறையின் பொருள் காப்பகத்தில் வைத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக யாரோ எடுத்துக்கொண்டு, பதிலுக்கு மாவை வைத்துவிட்டார்கள். 1972 ஏப்ரலில் படம் 5 ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், பைகளை வண்டு அரிப்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளே இருப்பது ஹெராயின் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். மற்ற வழக்குகளின் சரக்கும் சேர்த்துச் சுமார் 400 பவுண்டு போதைப்பொருள் போயிருந்தது. மகஜர் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, அரக்கு சீல் வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். எனக்கு எரிந்தது.

இன்னொன்று. 2023இல் இந்தப் படத்தின் இணையப் பிரதிகளில், டாயில் கறுப்பினத்தவரை இழித்துப் பேசும் சிறு பகுதி சத்தமில்லாமல் வெட்டப்பட்டிருப்பதைப் பார்வையாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தச் சொற்கள் கேட்கவே கூசுபவைதான். ஆனால் அவை போய்விட்டால் டாயில் கொஞ்சம் நல்லவராகிவிடுகிறார். இப்படிப்பட்டவர்கள் காக்கிக்குள்ளும் உண்டு என்று 1971லேயே துணிந்து சொன்ன படத்தில், அந்தத் துணிச்சலையே கத்தரித்தால் எப்படி?

ஆகவே, அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். படத்தைத் தேடிப் பார்க்க விரும்பும் வாசகர்கள் வெட்டப்படாத பிரதியைப் பார்க்க வேண்டும் என்பதையும், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் வரும் அந்த எழுத்துகளைப் படிக்கும்வரை எழுந்துவிட வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல்துறை உதவி ஆய்வாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.