பண்டம் திரும்பி வந்தது, பக்குவம் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பழக்கங்களை மீட்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, இருபக்க பிளேடு ரேசர், படிகாரம், ஈயச் சொம்பு, இரும்புத் தோசைக்கல் என்று ஒரு பட்டியல் கொடுத்து எல்லாவற்றையும் புகழ்ந்திருந்தது. புகழ்ந்ததில் தவறில்லை. ஆனால் எதையும் எப்படிக் கையாள்வது என்று ஒரு வரிகூட இல்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு கைப்பக்குவத்தோடு வீட்டில் இருந்தவை. இடையில் ஒரு தலைமுறை விட்டுப்போனது. இப்போது பண்டம் மட்டும் கூரியரில் வந்து இறங்குகிறது. வாங்கியவர் முதல் நாளே தாடையைக் கிழித்துக்கொண்டு, “இதெல்லாம் அந்தக் காலத்துக்குத்தான் சரி” என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்.

இருபக்க பிளேடு ரேசரைப் ‘பாரம்பரியம்’ என்று சொல்வதே கொஞ்சம் வேடிக்கை. அதற்கு முன்பு இருந்தது மடக்குக் கத்தியும், அதைத் தீட்டும் தோல் வாரும், சாணைக்கல்லும். தீட்டவே வேண்டாம், மழுங்கினால் தூக்கிப் போடு என்று வந்த புதுமைதான் ஜில்லெட்டின் ரேசர். விற்பனை தொடங்கிய 1903இல் விற்றவை வெறும் 51 ரேசர்கள். காப்புரிமை 1904 நவம்பரில் கிடைத்தது. பிறகு 1971இல் இரட்டை பிளேடு, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து என்று அதே நிறுவனம் அடுக்கிக்கொண்டே போனது. 2010இல் இந்தியாவுக்கென்று அவர்களே கொண்டுவந்த மலிவு ரேசரில் இருந்தது மறுபடி ஒற்றை பிளேடு! குழாயடியில் நின்று கழுவ வசதியில்லாமல், ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு சவரம் செய்பவர்களுக்குப் பல பிளேடு ரேசரின் இடுக்கில் முடி அடைத்துக்கொள்கிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

இருபக்க ரேசரிலும் வெட்டுவது ஒற்றை பிளேடுதான். அது சுருள் முடிக்காரர்களுக்கு ஒத்துப்போவதற்குத் தனிக் காரணம் உண்டு. அடுக்கு பிளேடில் முதல் பிளேடு முடியைச் சற்று இழுக்கும். அது உள்வாங்குவதற்குள் அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய்விடும். நேர் முடி திரும்ப வெளியே வந்துவிடும். சுருள் முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு கட்டியாகும். கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரி வந்தவர்கள் பலருக்கும் சங்கதி இதுதான். தோலின் மட்டத்தோடு வெட்டி நிறுத்தினால் பெரும்பாலும் இது அடங்கும்.

இனி முறைக்கு வருகிறேன். மூன்று துண்டு ரேசர் என்றால் மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி. மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் முளைகளில் பிளேடின் துளையை மாட்டி, அடித்தட்டை வைத்துக் கைப்பிடியை முடுக்க வேண்டும். பிளேடைக் குட்டைப் பக்கங்களில் மட்டும் பிடியுங்கள். அங்கே கூர் கிடையாது. அது 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. கனமுள்ள தகடு. அப்படியே விட்டால் துவளும். மூடியும் தட்டும் அதை வளைத்து இறுக்கிப் பிடிப்பதால்தான் ஆடாமல் வெட்டுகிறது. முடுக்கு தளர்ந்திருந்தால் பிளேடு அதிர்ந்து கீறும். முடுக்கியதும் கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கமும் கூர் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாக நீண்டிருந்தால் அந்தப் பக்கம் கடிக்கும். “ரேசர் சரியில்லை” என்று வரும் புகார்களில் இதுவும் ஒன்று.

முடி நனைய இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். குளித்த பிறகு சவரம் செய்வது நல்லது என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். நம் வீடுகளில் சவரம் செய்தால் குளித்தாக வேண்டும். குளித்துவிட்டுச் சவரம் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சண்டையே வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை இரண்டு நிமிடம் முகத்தில் ஒற்றி வைத்துவிட்டு மழியுங்கள், பிறகு குளியுங்கள். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு தடவலாம். மூன்றாவது சொட்டுக்குப் போகாதீர்கள், எண்ணெய் மிஞ்சினால் நுரை அமர்ந்துவிடும்.

நுரைதான் பலரும் கோட்டை விடும் இடம். பிரஷை வெதுவெதுப்பான நீரில் நனையுங்கள். பன்றிமுடி பிரஷ் ஐந்து நிமிடம் ஊறட்டும், செயற்கை இழைக்கு ஊறல் வேண்டாம். கொதிநீர் எந்த பிரஷுக்கும் ஆகாது, முடி உதிரும். ஒரு பாதாம் பருப்பளவு கிரீமை எடுத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே ஒரு நிமிடம் கிண்ணத்தில் சுழற்றுங்கள். பதம் கெட்டித் தயிருக்கும் தோசை மாவுக்கும் நடுவில். மேலே மினுமினுப்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியும் குமிழி இருக்காது. பஞ்சு மாதிரி உப்பலாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, வழிந்தால் அதிகம்.

எவ்வளவு சுழற்றியும் நுரை நிற்கவில்லையா? சோப்பைத் திட்டுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படிந்துவிடும். கொதிக்க வைத்து ஆறவிட்டால் ஒருவகைக் கடினத்தன்மை மட்டும் போகும், மற்றது போகாது. ஒரு சவரத்துக்கு நுரை கட்ட அரை டம்ளர் போதும். அதைக் குடிக்கும் ஃபில்டர் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைநீரிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவ எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரி.

அடுத்தது முடியின் வாட்டம். இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் நாலாபுறமும் தடவுங்கள். வழுக்கிச் செல்லும் திசை வாட்டம், சொரசொரப்பது எதிர்வாட்டம். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். தாடைக்குக் கீழே கழுத்தில் நம்பவே முடியாது: சிலருக்குக் கீழிருந்து மேல், சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குச் சுழி. கழுத்தில் காயம் படுபவர்கள் பெரும்பாலும் வாட்டம் பார்க்காமல் மேலிருந்து கீழே இழுப்பவர்களாக இருப்பார்கள்.

ரேசரின் மூடியைக் கன்னத்தில் ஒட்ட வையுங்கள். கைப்பிடி முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அப்படியே கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் பிளேடு தோலைத் தொடும். ஏறத்தாழ 30 பாகை. அதுதான் சாய்மானம். முடி அறுபடும் சத்தம் காதில் கேட்டால் சாய்வு சரி. கைப்பிடியின் அடிப்பகுதியை மூன்று விரலால் பிடியுங்கள், அழுத்தவே வேண்டாம். பிளாஸ்டிக் ரேசரை அழுத்தி அழுத்திப் பழகிய கைக்கு இது லேசில் வராது. அங்கே தலை ஆடிக் கொடுக்கும், இங்கே கொடுக்காது. உலோக ரேசரின் எடை பெரும்பாலும் 70 முதல் 100 கிராம் வரை இருக்கும். அந்த எடையே வேலையைச் செய்யும். ஒரு இழுப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். மறு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். குரல்வளை மேட்டில் தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி, சமமான இடத்துக்குக் கொண்டுவந்து மழியுங்கள். முகவாய்க்குக் கீழுதட்டைப் பல்மேல் மடித்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வாட்டத்தோடு. மறுபடி நுரை பூசி இரண்டாம் முறை குறுக்காக. எதிர்வாட்டத்தில் மூன்றாம் முறை என்பது முதல் மாதத்தில் வேண்டவே வேண்டாம். பொரி வருபவர்களுக்கு எப்போதுமே வேண்டாம். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் போதாதா? செவ்வாய், வெள்ளி சவரம் கூடாது என்பார்கள். நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாரத்தில் இரண்டு நாள் தோலை விட்டுவைப்பதில் நட்டமில்லை.

ஒரு பிளேடு மூன்று முதல் ஏழு சவரம் வரும். இழுக்கிறது என்று தோன்றிய அன்றே மாற்றுங்கள், அது சில ரூபாய்தான். பல பிளேடு கார்ட்ரிட்ஜ் ஒன்றின் விலை நூற்றைத் தாண்டுவதால் அதை மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள், அதுவே பாதித் தொல்லை. முடியைவிட ஐம்பது மடங்கு கடினமான எஃகு ஏன் மழுங்குகிறது என்பதை 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தார்கள். முடி வளைந்து கொடுக்கும்போது கூரின் பலவீனமான இடங்களில் எஃகு சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. பிளேடைத் துண்டால் துடைக்காதீர்கள். கூரின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும். கழுவி உதறினால் போதும். பிளேடு கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்துத் தீட்டுவார்கள். அந்தப் பழக்கம் போனது போகட்டும்.

படிகாரத்தைப் பற்றிக் கட்டுரை சொன்னது “கிருமிநாசினி” என்ற ஒற்றைச் சொல். அதன் முதல் வேலை துவர்ப்பு: கீறலில் கசியும் இரத்தத்தின் புரதத்தை உறைய வைத்துச் சிறு காயத்தை அடைக்கும். குளிர்ந்த நீரில் முகம் கழுவி, ஈரத்தோடு கட்டியைத் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி கழுவிவிடுங்கள். கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இழுக்கும். எங்கே சுருக்கென்று எரிகிறதோ அங்கே அழுத்தி மழித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இதைவிடக் கறாரான வாத்தியார் கிடையாது. கட்டியை ஈரக் கிண்ணத்தில் வைத்தால் கரைந்துவிடும், உலர வையுங்கள். முக்கியமாக ஆளுக்கொரு கட்டி. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். சலூனில் பிளேடை உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்கிற நீங்கள், எல்லார் முகத்திலும் தேய்த்த படிகாரத்தை நீட்டும்போதும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஈயச் சொம்பில் ரசம் வைப்பதற்கும் கட்டுரை முறை சொல்லவில்லை. அது வெள்ளீயம், உருகுநிலை 232 பாகை செல்சியஸ். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிடத்தில் அடி உருகி ஓடும். முதலில் புளிக்கரைசல், பிறகு அடுப்பு, தணலும் சிறியதாக இருக்கட்டும். சொம்பிலேயே தாளிக்காமல் தனிக் கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள். வாங்கும்போது காரீயக் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம், ஏனெனில் காரீயம் நஞ்சு, புளி அதைக் கரைக்கும். வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு மாதிரி கருத்து விழுந்தால் வாங்காதீர்கள். விழாவிட்டால் மட்டும் சுத்தம் என்று ஆகிவிடாது. தெரிந்த கடையில், சோதித்துக் கொடுப்பவரிடம் வாங்குங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கும் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் புளி, மோர், எலுமிச்சை எதையும் அதில் வைக்கக் கூடாது, களிம்பு ஏறும். செம்புக் குடத்தில் தண்ணீர் மட்டும்.

இரும்புத் தோசைக்கல்லுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுவி ஈரம் போகச் சூடாக்கி, எண்ணெயைத் தடவி, துணியால் துடைத்தெடுத்துவிட்டதுபோல மெல்லிய படலம் மட்டும் நிற்கும்படி செய்து, புகை வரக் காய்ச்சுங்கள். நாலு தரம் செய்தால் கல் பழகிவிடும். எண்ணெயை அள்ளி ஊற்றினால் பிசினாக ஒட்டும்.

கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் அந்தக் கட்டுரை இவற்றோடு சேர்த்திருக்க வேண்டியதில்லை. மூச்சுக்குழாய்க்குள் எண்ணெய் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும். எண்ணெய்க் குளியல் இருக்கட்டும், மூக்கை விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் கழற்றிய பிளேடு. அமெரிக்காவில் பழைய வீடுகளின் குளியலறை அலமாரியில் ஒரு கீறல் இருக்கும். அதில் போட்ட பிளேடு சுவருக்குள் விழுந்து அங்கேயே கிடக்கும். நமக்கு அப்படி எதுவும் இல்லை, குப்பைத் தொட்டிக்குத்தான் போகிறது, அங்கிருந்து தூய்மைப் பணியாளரின் கைக்கு. ஒரு பழைய காபித்தூள் டப்பாவின் மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வீட்டின் பல ஆண்டு பிளேடு அதில் கொள்ளும். நிறைந்ததும் கீறலை அடைத்து, “பிளேடு” என்று எழுதி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுங்கள். சலூன்களில் பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியைத்தான் கத்தியில் மாட்டுகிறார்கள்; ஒரு நாளில் சேரும் அந்தப் பாதி பிளேடுகள் மட்டுமே எவ்வளவு என்று பாருங்கள். உள்ளாட்சிகள் மாதம் ஒரு முறை அவர்களிடம் டப்பாவாகவே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தால், வார்டு அலுவலகத்தில் ஒரு இரும்புப் பெட்டி வைப்பதைத் தவிர வேறு செலவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மதுரை