மூடிய புத்தகத்தின் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் படித்த முதல் கடிதம் அதுதான். உன் பொடி எழுத்தைத் தடுமாறாமல் படிக்க முடிந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்; உன்னை விசாரித்தார். பெரியவன் வேலை மாறிவிட்டான். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அவசியம் எழுது.

உன் மகளைப் பற்றி எழுதியிருந்த பகுதியை இரண்டு முறை படித்தேன். மூன்று வண்ணங்களில் கோடு போட்டு, நள்ளிரவு வரை கண்விழித்துப் படித்துவிட்டு, மாதிரித் தேர்வில் பாதித் தாளை வெறுமையாக விட்டு வந்தாள் என்கிறாய். "எல்லாம் மறந்துவிட்டது, எனக்கு வரலாறு வராது" என்று அழுதாளாம். எனக்கும் மனது கனத்துவிட்டது. அவளிடம் நீ முதலில் இதைச் சொல்: அவளுடைய நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லை. திறந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் பழகியிருக்கிறாள். தேர்விலோ புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொல்கிறார்கள். அந்தப் பயிற்சியை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

வரலாறு கற்பித்த 31 ஆண்டுகளில் நான் அதிகம் பார்த்த துயரம் இதுதான். ஒரு பாடத்தை ஐந்தாம் முறை படிக்கும்போது வரிகளெல்லாம் தெரிந்த முகங்களாக வந்து நிற்கும். தெருவில் எதிர்ப்படும் ஒருவரின் முகம் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை என்பது போன்ற நிலை அது. முகம் தெரிவதையே பெயர் தெரிவதாக மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு அமர்வுகளில் படித்தது. இன்னொரு குழு ஒரே ஓர் அமர்வில் படித்துவிட்டு, அடுத்த மூன்று அமர்வுகளிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது. படித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. உன் மகள் முந்தைய இரவு எல்லாம் தெரிந்ததாக உணர்ந்ததில் பொய் இல்லை என்பது இதிலிருந்தே புரியும்.

ஆகவே அந்த வண்ணப் பேனாக்களைக் கொஞ்ச நாள் ஓரமாக வைக்கச் சொல். ஒரு பாடத்தைக் கவனமாக ஒருமுறை படிக்கட்டும். புத்தகத்தை மூடட்டும். வெள்ளைத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும். வராத இடத்தில் உடனே புத்தகத்தைப் புரட்டக் கூடாது. அந்த இரண்டு நிமிடத் திணறலில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்கட்டும். வேறு மையில் இருப்பதுதான் மறுநாள் அவள் படிக்க வேண்டிய பகுதி. மூன்று நாள் கழித்து அதே பாடத்துக்கு மறுபடி ஒரு வெள்ளைத்தாள், அடுத்து ஒரு வாரம் கழித்து. தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், தாராளமாகப் போதும். ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிட ஆறு நாளுக்கு ஒவ்வொரு மணி நேரம் உட்காருவது நிலைக்கும்.

இனி, வரலாற்றுக்கே உரிய ஒரு விஷயம். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். முதல் உலகப் போரின் தேதிகளை வரிசை மாறாமல் சொல்வான். "சரயேவோவில் நடந்த ஒரு கொலை எப்படி உலகப் போரானது?" என்று தேர்வில் கேட்டோம். கொலை நடந்த விதத்தை இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, "இதனால் போர் மூண்டது" என்று முடித்திருந்தான். அவனுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டபோது வருத்தமாக இருந்தது. 'என்ன' என்பதை மட்டுமே அவனுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாளே கரும்பலகையில் சங்கிலி போட்டுக் காட்டினேன். 1914 ஜூன் 28-ல் போஸ்னியாவின் சரயேவோ நகரில் கொலை: ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசரைச் செர்பிய இன இளைஞன் ஒருவன் சுட்டான்; பழி செர்பியாமீது விழுந்தது. ஜெர்மனியின் ஆதரவு உறுதி என்ற துணிச்சலில் ஆஸ்திரியா-ஹங்கேரி ஜூலை 28-ல் செர்பியாமீது போர் அறிவிக்கிறது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டுகிறது. அதனால் ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யாமீது, 3-ல் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸ்மீது போர் அறிவிக்கிறது. பிரான்ஸைத் தாக்க பெல்ஜியம் வழியாகப் படை நுழைய, 1839 உடன்படிக்கையின்படி பெல்ஜியத்தின் நடுநிலையைக் காக்கக் கடமைப்பட்ட பிரிட்டன் 4-ஆம் தேதி இறங்குகிறது. மொத்தம் 37 நாட்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவில் ஓர் 'அதனால்' இருக்கிறது பார். அந்த 'அதனால்' எல்லாவற்றையும் அவள் தன் சொற்களில் சொல்ல முடிந்தால் தேதிகள் தாமாகவே வந்து உட்காரும். அடுத்து ஒரு கண்ணியைக் கழற்றிப் பார்க்கச் சொல். ஜெர்மனி கைகொடுக்க மறுத்திருந்தால்? பெல்ஜியத்தைத் தொடாமல் விட்டிருந்தால்? எது கழன்றால் மற்றவை ஆடுகின்றனவோ அதுவே முக்கியக் காரணம் என்று அவள் வாதாடலாம். உயர்ந்த மதிப்பெண்கள் அந்த வாதத்துக்குத்தான். பிரெஞ்சுப் புரட்சிக்கும் இதே வழிதான்: அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் ஏறிய கடன், வரிச்சுமையில் பெரும்பகுதி தப்பிய பிரபுக்கள், 1788-ல் பொய்த்த விளைச்சல். இவற்றுள் நெடுநாள் காரணம் எது, தீப்பொறி எது என்று அவளே பிரிக்கட்டும்.

தேதிகளைத் தனித்தனியே உருப்போட்டால் உதிர்ந்துவிடும். முளை அடித்தாற்போல நாலைந்து தேதிகளை ஊன்றிவிட்டு மற்றவற்றை அவற்றில் கட்ட வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் தோற்ற ஜெர்மனியோடு செய்த வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28, சரயேவோ கொலை நடந்து சரியாக ஐந்து ஆண்டு. அது கையெழுத்தான, பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில்தான் 1871-ல் ஜெர்மானியப் பேரரசும் பிரகடனம் செய்யப்பட்டது. பிரான்ஸை வென்ற ஜெர்மனி அதே பிரான்ஸின் அரண்மனையில் தன்னைப் பேரரசாக அறிவித்துக்கொண்டது. தோற்றபோது அங்கேயே தலைகுனிந்து கையெழுத்திட்டது. இதைக் கேட்ட எந்தப் பிள்ளையும் அந்த இரண்டு ஆண்டுகளையும் மறந்து நான் பார்த்ததில்லை. சொல்லும்போது எனக்கே இன்னும் சிலிர்க்கிறது.

பழைய ஆவணத்தையோ படத்தையோ காட்டிக் கேட்கும் சான்றுக் கேள்விகளுக்குப் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எதற்காக என்று கேட்டுவிட்டால் பாதி விடை வந்துவிடும். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல். போர்க்காலப் பிரச்சாரச் சுவரொட்டியைக் காட்டினால், "இது ஒருதலைப்பட்சமானது, பயனில்லை" என்று எழுதிவிடக் கூடாது. மக்கள் எதை நம்ப வேண்டும் என்று அந்த அரசு விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று ஏது?

கடைசி இரண்டு வாரத்தில் பழைய வினாத்தாள்களை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்து எழுதட்டும். 'விவரி' என்றால் ஒன்று, 'விளக்கு' என்றால் வேறு, 'எந்த அளவுக்கு ஏற்கிறாய்' என்றால் முற்றிலும் வேறு. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போன விடைத்தாள்கள் எத்தனையோ என் கையால் திருத்தப்பட்டிருக்கின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு அவள் தூங்க வேண்டும். இதில் நீ கண்டிப்பாகவே இரு.

உனக்கும் ஒரு வேலை தருகிறேன். "படித்தாயா?" என்று இனி கேட்காதே. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் போர் ஏன் வந்தது, எனக்குச் சொல்" என்று கேள். அவள் சொல்லச் சொல்ல, "அது ஏன்?" என்று விடாமல் கேள். உனக்கு விடை தெரியாமல் இருப்பதே நல்லது. உனக்குப் புரியும்படி சொல்ல அவள் படும் பாடே நல்ல திருப்புதல்.

அவள் எழுதும் முதல் விடையை எனக்கு அனுப்பச் சொல். சரயேவோ கேள்வியே இருக்கட்டும். அடித்தல் திருத்தலோடு அப்படியே வரட்டும், படியெடுத்து எழுத வேண்டாம். பென்சிலால் ஓரத்தில் குறிப்பு எழுதி, வந்த அன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய வகுப்புத் தோழன்