உப்பில்லாத ஜாம்பிகள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், அவர்களிடம் கதை சொல்லக் காத்திருக்கும் இயக்குநர்களுக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ரசிகை எழுதுவது.

வணக்கம். இங்கே கோவில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். போன மாதம், பிடித்த விஷயத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தலைப்பாக "சோம்பி" என்று எழுதி நீட்டினான். "என்னப்பா, சோம்பேறியைப் பற்றியா?" என்று கேட்டேன். "இல்லை டீச்சர், ஸோம்பி!" என்று கையை முன்னால் நீட்டி, தலையைச் சாய்த்து நடந்து காட்டினான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த எழுத்துப்பிழை மனதை அரிக்கத் தொடங்கியது. வெளிநாட்டு ஜாம்பிப் படத்தை ரீமேக் செய்ய ரைட்ஸ் வாங்கும் முன்னால் நம் கதையைப் பாருங்கள் என்று கேட்கும் இந்த மடலே அதனால் வந்ததுதான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜாம்பி, அதாவது செத்த பிறகும் எழுந்து நடமாடும் பிணம், வரும் படம் என்றால் உயிர். மாமியார் "பிணம் தின்கிற படம்" என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் பார்ப்பார். ஆகவே இது வெளியே நின்று கல்லெறிகிறவள் எழுதும் மடல் இல்லை.

ரீமேக் என்பதே தப்பு என்றும் சொல்ல வரவில்லை. ஜாம்பிப் படத்தைப் பற்றி அப்படிச் சொல்லவே முடியாது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ பென்சில்வேனியாவில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, சுமார் 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். வெளியிட்ட கம்பெனி படத்தின் பெயரை மாற்றியது. பழைய டைட்டில் கார்டில் இருந்த காப்புரிமை வரி, புது கார்டில் விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த ஒரு வரி இல்லையென்றால் படம் புறம்போக்கு. அப்புறம் என்ன, ஆளாளுக்குப் பட்டா போட்டார்கள். 1990-இல் ஒரு ரீமேக், 2006-இல் 3டியில் ஒன்று, நடுவிலும் பின்னாலும் எத்தனையோ. செத்தவன் எழுந்து வந்து மனிதக்கறி தின்பான், மண்டையில் சுட்டால்தான் விழுவான் என்கிற விதியெல்லாம் அந்தப் படத்திலிருந்து எல்லோரும் சும்மா அள்ளிக்கொண்டு போனதுதான். காப்பி அடிக்க முடிந்ததால்தான் இந்த வகையே வளர்ந்தது.

ஆனால் எதைக் காப்பி அடித்தார்கள்? அங்கேதான் என் சண்டை. அந்தப் படத்தின் நாயகன் ஒரு கறுப்பர். இரவெல்லாம் பிணங்களோடு போராடிப் பிழைத்தவனை, விடிந்ததும் துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரக் கூட்டம் ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடும். தோலைப் பார்த்து பெஞ்சைப் பிரித்துவைத்த நாட்டில் உட்கார்ந்து அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்துப் பாருங்கள், கழுத்தில் கடிப்பதெல்லாம் சாதாரணம் என்று தோன்றும். பின்னால் வந்தவர்கள் கடியை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலைப்பொழுதை விட்டுவிட்டார்கள்.

ரொமேரோவின் 1978 படமான 'டான் ஆஃப் தி டெட்'டில் பிணங்கள் ஷாப்பிங் மாலைச் சுற்றிச் சுற்றி வரும். உயிரோடு இருந்தபோது வந்த பழக்கம், காலுக்கு மறக்கவில்லை. 2004-இல் ஸாக் ஸ்னைடர் அதையே மறுபடி எடுத்தபோது பிணங்கள் ஓட ஆரம்பித்தன. படம் விறுவிறுப்பு, நான் இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் மால் வெறும் கோட்டையாகிவிட்டது. ரொமேரோவின் 1985 படமான 'டே ஆஃப் தி டெட்'டுக்கு 2008-இலும் 2018-இலும் மறுபதிப்பு வந்தன, அவற்றைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். 2017-இல் ஜப்பானில் முப்பது லட்சம் யென்னில் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' எடுத்தார்கள். முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். சினிமா எடுப்பவனின் பஞ்சப்பாட்டைப் பற்றி அதைவிட நல்ல படம் நான் பார்த்ததில்லை. அதைப் பிரெஞ்சில் மறுபடி எடுத்தார்கள், 2022 கான் விழாவின் தொடக்கப் படமே அதுதான். சிரிக்கலாம். ஆனால் காசில்லாதவர்கள் காசில்லாமல் எடுத்தது ஒன்று, காசுள்ளவர்கள் காசில்லாத மாதிரி எடுத்தது இன்னொன்று.

நம் பக்கம் 2016-இல் 'மிருதன்' வந்தது. ஊட்டியில் ரசாயனக் கழிவை நக்கிய நாய், அது கடித்த மனிதன், அங்கிருந்து ஊரெல்லாம். குறை சொல்லலாம், ஆனால் டிராபிக் போலீஸ்காரரை நாயகனாக்கியதும், பெயருக்கு ஒரு புதுச்சொல் கட்டியதும் எனக்குப் பிடித்தது. அதே வருடம் கொரியாவிலிருந்து 'ட்ரெயின் டு பூசான்' வந்ததும் எல்லோர் கண்ணும் ரயிலில் நின்றுவிட்டது. அந்தப் படத்தை ஓட்டியது ரயில் இல்லை, ஐயா. தன் மகளுக்கு ஏற்கெனவே வாங்கித் தந்த விளையாட்டுப் பொருளையே பிறந்தநாளுக்கு மறுபடி வாங்கி வரும் அப்பா. இப்போது உங்களில் யாராவது ஒருவர் அந்த மாதிரிப் படம் ஒன்றின் ரைட்ஸ் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் தயவுசெய்து இன்னும் கொஞ்சம் படியுங்கள்.

ஜாம்பி பிறந்தது ஆய்வுக்கூடத்தில் இல்லை, கரும்புத் தோட்டத்தில். கரீபியக் கடலில் உள்ள ஹைட்டி பிரெஞ்சுக்காரர்களின் சர்க்கரைத் தீவாக இருந்த காலம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளுக்கு ஒரே ஆறுதல் சாவுதான். செத்தால் சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்று நம்பினார்கள். அங்கே வளர்ந்த பயம்தான் ஜாம்பி. செத்த பிறகும் ஒருவன் எழுப்பி, மறுபடி வேலை வாங்கிவிடுவான் என்ற பயம். யாரும் ஜாம்பி கடிக்கும் என்று பயப்படவில்லை. தானே ஜாம்பியாகிவிடுவோமோ என்றுதான் பயந்தார்கள். 1932-இல் வந்த 'ஒயிட் ஸாம்பி'யில்கூட அது இருக்கிறது. சர்க்கரை ஆலையில் பிணங்கள் செக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று தடுக்கி அரவைக்குள் விழும். மற்றவை திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றும், மரம் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது புரிகிறதா, அந்த எழுத்துப்பிழை ஏன் என்னை அரித்தது என்று? உலகத்திலேயே சோம்பல் முறிக்க முடியாத ஒரே பிறவிக்கு நாம் 'சோம்பி' என்று பெயர் எழுதுகிறோம்.

இனி எங்கள் ஊருக்கு வாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், மொத்தம் 1,52,184 பேர். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். என் கணவரின் முப்பாட்டனார் வட ஆற்காட்டுக்காரர். கப்பல் பட்டியலில் அவருடைய பதிவின் நகலை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறோம். முதலில் நம்பர், அப்புறம் பெயர், அப்பா பெயர், வயது, கிராமம், கடைசியில் அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு. பெயரை எழுதிய வெள்ளைக்காரக் குமாஸ்தா அதை என்னவோ போலக் கேட்டு என்னவோ போல எழுதியிருக்கிறார். அது முனுசாமியா, முனியாண்டியா என்று வீட்டில் இன்றைக்கும் சண்டை. நம்பரில் மட்டும் சந்தேகமே இல்லை.

ஐந்து வருடம் முடிந்தால் விடுதலை என்றுதான் சொன்னார்கள். 1895-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும், மறு ஒப்பந்தம் போடாமலும் இங்கேயே இருந்தால் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி. சேர்ந்தபோது வாங்கிய சம்பளக் கணக்கில் அது ஆறு மாதச் சம்பளம். கட்ட முடியாதவன் என்ன செய்வான்? திரும்பவும் அதே கரும்புக்குள் போவான். 1913 வேலைநிறுத்தம் வெடித்தது இந்த வரியை எதிர்த்துத்தான். ஹைட்டிக்காரனிடம் இதைச் சொல்லியிருந்தால் வேறு விளக்கமே கேட்டிருக்க மாட்டான்.

எங்கள் அக்கம்பக்கத்து ஜூலு மக்களிடமும் ஒரு பேச்சு உண்டு. சூனியக்காரர் பிணத்தை எழுப்பி, நாக்கை வெட்டி, ஏவல் வேலைக்கு வைத்துக்கொள்வார். அதற்குப் பெயர் 'உம்கோவு'. பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2009-இல் இறந்த, மஸ்கண்டி என்ற ஜூலு இசையின் பாடகர் முகுமேனி நான்தான் என்று சொல்லிக்கொண்டு 2012-இல் ஒருவர் எங்கள் மாகாணத்து நுகுத்து ஊருக்கு வந்து நின்றார். இத்தனை நாளாக ஜாம்பிகள் என்னைப் பிடித்து வைத்திருந்தன என்றார். பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. கடைசியில் ஆள் போலி என்று தெரிந்தது. ஆனால் இறந்த பாடகரின் வீட்டாரில் சிலர் அவரை நம்பினார்களே, அந்த நம்பிக்கைக்குள் எத்தனை படம் இருக்கிறது! ஹாலிவுட்காரர்களும் இங்கே வந்தார்கள்தான். 'ரெசிடென்ட் ஈவில்' வரிசையில் 2016 படத்தைத் தென்னாப்பிரிக்காவில்தான் எடுத்தார்கள். கதை நடப்பது அமெரிக்காவில். எங்கள் மண்ணில் நின்ற ஜாம்பிக்குக்கூட எங்கள் விலாசம் கிடைக்கவில்லை.

கடைசியாக உப்புக்கு வருகிறேன். ஜாம்பிக்கு உப்புப் போட்ட சோறு தரக்கூடாது என்பது ஹைட்டி நம்பிக்கை. நாக்கில் உப்புப் பட்டால் தன்னுணர்வு வந்துவிடும். 1929-இல் வில்லியம் சீபுரூக் தன் ஹைட்டிப் பயண நூலில் ஒரு கதை எழுதியிருக்கிறார். சர்க்கரைக் கம்பெனியில் ஒருவன் பிணங்களை வேலைக்கு விட்டுக் கூலியைத் தானே வாங்கிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவிக்கு அதுகள் மேல் பரிதாபம். ஒரு திருவிழாவில் மிட்டாய் வாங்கித் தருகிறாள், நம் கடலை மிட்டாய் மாதிரி ஒன்று. அதிலிருந்த கடலையில் உப்பு இருந்ததை அவள் கவனிக்கவில்லை. தின்றதும் அத்தனை பேருக்கும் தாங்கள் செத்தவர்கள் என்று தெரிந்துவிடுகிறது. அலறிக்கொண்டு, மலையேறி, சொந்த ஊர் இடுகாட்டுக்குப் போய் அவரவர் மண்ணைக் கையால் தோண்டுகிறார்கள்.

"சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?" என்று கேட்கிற மொழி நம்முடையது. உயிரோடு இருப்பவனையே 'நடைப்பிணம்' என்று சொல்கிற மொழியும் இதுதான். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு எதற்கு ஐயா ரைட்ஸ் வாங்குகிறீர்கள்? வைரஸ் வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம். எங்கள் டர்பன் பக்கத்து மவுன்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு நின்ற இடத்தில் இப்போது கோல்ஃப் மைதானமும் காவல் போட்ட பங்களாக்களும் இருக்கின்றன. வடக்குக் கரையோரத்தில் அறுவடைக் காலத்தில் கரும்புக்குத் தீ வைத்தால், காற்றடிக்கும் பக்கமெல்லாம் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கறுப்புக் கரித்துகள் வந்து ஒட்டும். தட்டினால் போகாது, தேய்த்தால் தீற்றலாகும். அந்தப் புகைக்குள்ளிருந்து ஒருத்தன் நடந்து வந்தால் போதும். கடிக்கக்கூட வேண்டாம்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். உப்புக் கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, மறுபடி எழுதச் சொன்னேன். இந்த வாரம் கொண்டு வந்தான். பிழைகளை மட்டும் திருத்தித் தருகிறேன்: "ஜாம்பி கரும்பு வெட்டியது. ராத்திரியும் வெட்டியது. ஒரு ஆயா சோறு கொடுத்தாள். ஜாம்பி, என் பேர் என்ன என்று கேட்டது. ஆயாவுக்கு நம்பர்தான் தெரியும்."

ரைட்ஸ் வேண்டுமானால் அவன் அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு அழைத்துப்போக வருவார்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த் தமிழ் டீச்சர்