மூனிச்சில் கேட்ட தவில்

கொக்குவில்
22.06.2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்தபோது நான் ஜேர்மனியில் நின்றேன். அக்காவின் மகள் ஸ்ருட்கார்ட்டில் புது வீட்டுக்குக் குடிபோனவள், அக்காவையும் என்னையும் ரிக்கெற் போட்டுக் கூப்பிட்டாள். முழங்கால் இப்போது படி ஏற விடுகிறது என்று எழுதியிருந்தாய், சரியான சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நல்ல காய்ப்பு. பாதியை அணில் எடுத்துவிட்டது, மிச்சம் எங்களுக்கும் அயலுக்கும் போதும்.

பென்சன் காசில் ஒரு வால்வ் அம்பிளிபயர், அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் வைத்த வகை, வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் முதலில் நான் எங்கே போய்வந்தேன் என்று சொல்ல வேண்டும். விலைகூடிய ஸ்பீக்கர், அம்பிளிபயர் எல்லாம் வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுகிற மூனிச் ஹை எண்ட் கண்காட்சிக்குப் போனேன் மச்சான். வீடியோவில் பார்த்துப் பார்த்து நீயும் நானும் போனில் மணிக்கணக்காகக் கதைத்த அதே கண்காட்சி. ஸ்ருட்கார்ட்டில் இருந்து கோச்சியில் போய், யூ6 சுரங்க ரெயிலில் ஏறி, கீஃபர்ன்கார்ட்டனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். இந்தக் கண்காட்சி 1982 இல் டுசல்டோர்ஃபில் தொடங்கி, பிறகு ஃபிராங்ஃபர்ட்டில் நடந்து, 2004 இல் இருந்து மூனிச்சில் எம்.ஓ.சி. மண்டபத்தில் நடந்து வந்தது. இந்த மே மாதத்தோடு மூனிச்சில் கடைசி. 2026 இல் வியன்னாவுக்குப் போகிறது. அங்கே நின்ற பழைய ஆக்கள் பலரின் முகத்தில் அந்தக் கவலை தெரிந்தது.

கீழே பெரிய மண்டபங்களில் கடை போலத் தட்டிகள். மேலே கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கொம்பனி, ஒரு செற். கதவைத் திறந்து உள்ளே போய், கதிரை இருந்தால் இருந்து, இரண்டு மூன்று பாட்டுக் கேட்டுவிட்டு அடுத்த அறை. விலையைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒரு சோடி ஸ்பீக்கர் ஒரு இலட்சம் யூரோவைத் தாண்டுவது அங்கே சாதாரணம். யூரோ முந்நூறு ரூபாய்க்கு மேலே நிற்கிற காலத்தில் அதைக் கணக்குப் பார்த்து என்ன செய்ய?

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு ஏமாற்றம்தான். அறைக்கு அறை ஒரே மாதிரிப் பாட்டு. மெதுவாகப் பாடுகிற ஒரு பெண் குரல், ஒரு டபிள் பாஸ், ஒரு பியானோ. அப்படியான பதிவு எந்த நல்ல ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். அதை வைத்து ஸ்பீக்கரை எப்படி எடை போடுவது? இன்னொன்று, அந்த அறைகளே பாட்டுக் கேட்கக் கட்டியவை அல்ல. கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற சத்தம், பக்கத்து அறையில் இருந்து வரும் பாஸ், போக வர நிற்கிற சனம். கெட்டிக்காரர்கள் மூலைகளில் அடித்தொனியை உறிஞ்சுகிற பாஸ் ட்ராப் நிறுத்தி, தரைக்குக் கம்பளம் விரித்து, சுவரில் மரப் பலகைகள் அடித்து அறையை ஓரளவு அடக்கியிருந்தார்கள். அவர்களின் அறைகளில் சாதாரண விலைச் சாமானும் வடிவாகப் பாடியது. அதைக் கவனிக்காதவர்களிடம் தங்க விலைச் சாமானும் இரைந்தது. வீட்டில் நாங்கள் கடைசியாக யோசிக்கிற விடயம் அறை. அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்று அங்கே காதாலேயே படித்தேன்.

என்னை நிறுத்தியது ஹோர்ன் ஸ்பீக்கர்கள், முன்னால் புனல் வைத்த வகை. அவன்கார்ட் அக்கூஸ்டிக் என்ற ஜேர்மன் கொம்பனியின் உருண்டை வாய்ப் புனல்களைப் படத்தில் பார்த்திருப்பாய். நேரில் ஒவ்வொன்றும் ஆளை விழுங்குகிற அளவு. அவற்றின் முன்னால் நின்றபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் கோயில் கோபுரத்தில் நாலு திசைக்கும் கட்டுகிற லவுட்ஸ்பீக்கர். இரண்டுக்கும் விஞ்ஞானம் ஒன்றுதான் மச்சான். சின்ன டயபிரம், அதாவது ஸ்பீக்கருக்குள் அதிர்கிற தகடு, நேரே காற்றைத் தள்ளினால் அதன் சக்தியில் பெரும்பகுதி வீண். முன்னால் மெல்ல மெல்ல விரிகிற புனலை வைத்தால் அதே அசைவு காற்றை நன்றாகப் பிடித்துத் தள்ளும். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றரில் 86, 87 டெசிபெல் சத்தம் தந்தால், பெரிய ஹோர்ன் 100 ஐத் தாண்டும். 10 டெசிபெல் கூட என்றால் பத்தில் ஒரு பங்கு சக்தி போதும். அதனால்தான் 1938 இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் செய்த 300பி வால்வ் ஒன்றில் இருந்து வருகிற ஏழெட்டு வாட் அவ்வளவு பெரிய அறையை நிரப்புகிறது. பேசும் படம் வந்த புதிதில் தியேட்டர்காரர்களிடம் இருந்ததும் சில வாட் அம்பிளிபயர்தான், அவர்களையும் காப்பாற்றியது ஹோர்ன்தான்.

கோயில் ஸ்பீக்கரில் ஏன் காது கிழிகிறது என்றால், புனல் சின்னது. 100 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு நூறு தரம் அதிர்கிற அடித்தொனியின் அலைநீளமே மூன்றரை மீற்றருக்குக் கிட்ட. அதைத் தாங்க வாயும் பெரிதாக வேண்டும். இல்லாதபடியால் அடித்தொனி எல்லாம் போய், நடுத்தொனி மட்டும் ஊர் முழுக்கக் கேட்கிறது. அங்கே நின்று இன்னொன்றும் யோசித்தேன். நாதஸ்வரமே ஒரு ஹோர்ன்தானே? வாயில் வைத்து ஊதுகிற சீவாளியில் பிறக்கிற சின்ன அதிர்வு, விரிந்துகொண்டு போகிற குழல், கடைசியில் விரிந்த வாயான அணசு. மைக் இல்லாமல் நாலு வீதியும் கேட்பது சும்மா இல்லை.

அப்புறம் ரேப், ஒலிநாடா. பல அறைகளில் பெரிய ஸ்பூல் ரேப் ரெக்கோடர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் ஓடுகிற மாஸ்ரர் ரேப்பின், அதாவது மூலப் பதிவின், பிரதி. எங்கள் கசெற் ஓடுவது 4.76 சென்ரிமீற்றர், அதாவது எட்டில் ஒரு பங்கு வேகம், ரேப்பும் ஒடுக்கம். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது யாழ்ப்பாணம் ரவுணில், கசெற்றில் பாட்டுப் பதிந்து தருகிற ரெக்கோடிங் பாரில் பாட்டு லிஸ்ற் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தது ஞாபகம் வந்தது. அந்தக் கசெற்றையும் நாங்கள் எப்படிக் கேட்டோம்? தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், கரன்ட் இல்லை, பற்றரி ஊருக்குள் வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ பெடலைக் கையால் சுற்றுவாய், நான் டைனமோ வயரை ரேப்பில் பிடித்துக்கொண்டிருப்பேன். உன் கை களைத்தால் பாட்டின் சுருதி இறங்கும், நீ வேகம் பிடித்தால் ஏறும். ஆனால் அந்த நாளில் ஒரு பாட்டைக் கேட்ட கவனம், மச்சான், அந்த மண்டபத்தில் மிகச் சிலரிடம்தான் கண்டேன். பலர் பாட்டு நடக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிபிசியின் எல்எஸ்3/5ஏ வகைக் குட்டி ஸ்பீக்கர் ஒன்றையும் கேட்டேன். வெளிக்கள ஒலிபரப்பு வானுக்குள் வைத்துக் கேட்க 1970 களில் பிபிசி வடிவமைத்தது, ஓரடி உயரம்தான். பாஸ் குறைவு, சத்தமும் பெரிதாக வராது. ஆனால் ஒரு ஆண் குரல் கதைத்தபோது ஆள் எதிரே இருந்த மாதிரி. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பழைய குரல்களை அதில் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். போகும்போது ஒரு யுஎஸ்பி கொண்டுபோனேன். போன வருடம் எங்கள் ஊர்க் கோயிலில் மருமகன் கையடக்க ரெக்கோடரில், மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் நின்று பிடித்த நாதஸ்வரமும் தவிலும். 24 பிற், 96 கிலோஹேர்ட்ஸ், சீடியை விடக் கூடின தரம். லவுட்ஸ்பீக்கர் கட்டாத நாள், அதுதான் அதிர்ஷ்டம். இதைப் போட முடியுமா என்று பல அறைகளில் கேட்டேன், "எங்கள் பாட்டுகள் மட்டும்தான்" என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஞாயிறு பின்னேரம் சனம் குறைந்த பிறகு, ஒரு ஹோர்ன் அறையில் நின்ற தாடிக்கார மனிதர் கையை நீட்டி யுஎஸ்பியை வாங்கினார்.

முதல் அடியிலேயே அவர் நிமிர்ந்தார். தவிலின் வலப்பக்கமான வலந்தலையில், விரலில் மாட்டுகிற கூடு படுகிற அந்தக் கூர்மையான தட்டல், இடப்பக்கமான தொப்பியில் பூவரசங்கழி விழுகிற உருண்டை அடி, இரண்டும் தனித்தனியாக, இடமும் தூரமும் தெரிய நின்றன. அதுவரை நான் கேட்ட எந்த ஸ்பீக்கரிலும் கூடுகளின் சத்தமும் தோலின் சத்தமும் ஒன்றாகக் கலந்து 'டக்' என்றுதான் வரும். இதில் கூடு பட்டு, தோல் அதிர்ந்து, அது மண்டபத்துத் தகரக் கூரையில் போய்த் திரும்பி வந்தது. நாதஸ்வரக்காரர் மேல் ஸ்தாயிக்குப் போகமுன் மூச்சு எடுத்தது கேட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது, யாரோ செருப்பைக் கழற்றினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர் இது என்ன வாத்தியம், எந்த நாடு என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். தாடிக்காரர் முழுவதையும் ஓடவிட்டார், ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

அடுத்ததாக, அதே யுஎஸ்பியில் இருந்த மற்றதைப் போட்டேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் தவில், கசெற்றுக்குக் கசெற் பிரதியாகி வந்து கடைசியில் கொம்பியூட்டருக்கு ஏறிய பதிவு. உனக்குத் தெரியும், அவர் 1975 இல் போய்விட்டார், நாங்கள் அவரை நேரே கேட்டதில்லை. அந்தக் கைகளின் வேகமும் கணக்கும் அந்தப் பழைய ரேப்பிலும் தெரிந்தன. ஆனால் அடி ஒவ்வொன்றும் நசுங்கி, பதிவு தாங்காமல் உச்சி வெட்டுப்பட்டு, இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது. அவ்வளவு திறமான ஸ்பீக்கர் அந்தக் காயங்களை ஒன்றும் மறைக்காமல் காட்டியது. உலகத்தில் எவராலும் இனி அதை முழுதாகத் திருத்த முடியாது. பதிகிற நேரத்திலும் பிரதி எடுக்கிற நேரத்திலும் தவறியது தவறியதுதான். அவ்வளவு பெரிய வித்துவானின் கை எங்களுக்கு அந்த அளவில்தான் மிஞ்சியிருக்கிறது என்பதை அந்த அறையில் நின்று கேட்டபோது நெஞ்சு வலித்தது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன இணுவிலிலும் அளவெட்டியிலும் இன்று வாசிக்கிறவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. கோயில் மிக்ஸரில் இருந்து ஒரு வயரை இழுத்து, ஏற்கனவே வெட்டுப்பட்ட சத்தத்தை போனில் ஏற்றி விடுகிறார்கள். அதை யார் எந்த ஸ்பீக்கரில் கேட்டாலும் தகரம்தான்.

அதனால் உன் கேள்விக்கு என் பதில்: அம்பிளிபயர் இப்போதைக்கு வேண்டாம். உன்னிடம் இருக்கிற செற் போதும். உன்னுடைய பேஸ்மன்ற் அறை ஐந்து மீற்றர் நீளம் என்று எழுதியிருந்தாய், அப்படியென்றால் ஏறக்குறைய 35 ஹேர்ட்ஸில் அறை தானாகக் குமுறும். நீ சொல்கிற அந்த 'உம்ம்' சத்தம் அம்பிளிபயரின் குறை இல்லை. ஸ்பீக்கர்களைச் சுவரில் இருந்து முக்கால் மீற்றராவது முன்னுக்கு எடு. கதிரையைப் பின்சுவரோடு ஒட்டாதே. தடித்த கம்பளம் ஒன்று விரி, உன் புத்தக அலுமாரியைப் பின்சுவருக்கு மாற்று. மூலைகளுக்குக் கல் கம்பளியில் (ரொக் வூல்) பாஸ் ட்ராப் நீயே செய்யலாம். செய்துவிட்டுப் பிறகு கேட்டுப் பார், எனக்கு எழுது.

மிச்சக் காசில் எனக்கு ஒரு உதவி செய். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வரும்போது, முன்பக்கச் சத்தத்தைக் கூடப் பிடிக்கிற கார்டியோயிட் கண்டென்சர் மைக் ஒரு சோடி வாங்கி வா, சின்ன டயபிரம் வகை, பெரிய சத்தத்தைத் தாங்குவதாகப் பார். தவிலுக்குக் கிட்ட வைத்தால் மலிவான மைக் சத்தத்தின் உச்சியை வெட்டிவிடும். மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒன்றாகப் பதிகிற 32 பிற் ஃப்ளோட் ரெக்கோடர் ஒன்றும் வேண்டும், சூம் எஃப்3 போதும், இரண்டு மைக்குக்கும் வேண்டிய 48 வோல்ற் கரன்ட்டை அதுவே கொடுக்கும், லெவல் கூடிக் கெட்டுப்போகிற பயமும் இல்லை. பாதிக் காசு நான் தருகிறேன், இதில் நீ கதைக்கவே கூடாது.

மைக் இரண்டையும் பிரெஞ்சு வானொலிக்காரர் கண்ட முறையில் 17 சென்ரிமீற்றர் இடைவெளி, 110 பாகை விரிவில் வைப்போம். அணசுக்கு நேரே வைத்தால் குத்தும், அதனால் வாசிக்கிறவர்களின் தலைக்கு மேலே உயர்த்தி, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி. இடம்கூடப் பார்த்துவிட்டேன். எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கிற அம்மன் கோயில் மண்டபம், இரவு எட்டு மணிக்குப் பிறகு மோட்டார்சைக்கிள் சத்தம்கூட அருமை. பூசகர் ஐயாவிடம் கேட்டேன், தாராளமாக வாங்கோ என்றார். வித்துவான்களைத் திருவிழாக் காலத்தில் பிடிக்க முடியாது, கடைசியில் வருகிற பூங்காவனத் திருவிழாவும் முடிந்த பிறகுதான் அவர்களுக்குக் கை ஓயும். ஆகவே ரிக்கெற்றை நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளோடு முடிக்காமல் ஒரு பத்து நாள் கூட்டிப் போடு. வயதான தவில்காரர் இருவரோடு கதைத்து வைத்திருக்கிறேன், ஒருவருக்கு எண்பது நெருங்குகிறது, கை இன்னும் அப்படியே பேசுகிறது. சம்பாவனையைக் குறைக்காமல் கொடுத்து, அவர்கள் விரும்புகிற உருப்படியை விரும்புகிற நேரம் வாசிக்க விடுவோம்.

மைக் ஸ்ராண்ட் கொண்டுவராதே, வீண் பாரம். கே.கே.எஸ். வீதி வெல்டிங் கடையில் மூன்று மீற்றர் பைப்புக்கும் மூன்று காலுக்கும் சொல்லிவிட்டேன், அடுத்த கிழமை தருவதாகச் சொல்கிறார்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி