வீட்டுக் கடனை விட்டுவிட்டு அமெரிக்க இனப் பிரிவினையைப் பேச முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க இனப் பிரச்சினை குறித்து தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை உள்நாட்டுப் போரில் தொடங்கி 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தோடு நின்றுவிட்டது. பேருந்து, உணவகம், பள்ளிக்கூடம், வாக்குச்சாவடி எல்லாம் அதில் இருந்தன; வீட்டுக் கடன் இல்லை. இதைச் சிறிய விடுபடல் என்று ஒதுக்க முடியவில்லை. அங்கே யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யார் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதில் இன்றும் அந்தக் கடனுக்குப் பெரும் பங்கு உண்டு.

1930களுக்கு முன் அமெரிக்க வங்கிகள் பொதுவாக வீட்டு மதிப்பில் பாதியளவே கடன் தந்தன. தவணைக் காலம் ஐந்தாண்டு, மிஞ்சினால் பத்தாண்டு. பலர் வட்டியை மட்டும் கட்டிவந்து, கெடு முடியும்போது அசலை மொத்தமாக அடைக்க வேண்டும். இல்லையேல் கடனைப் புதுப்பிக்க வேண்டும். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன, வீடுகள் வரிசையாக ஏலத்துக்கு வந்தன. அதைத் தடுக்க 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகமும், 1934இல் எஃப்.எச்.ஏ. எனப்படும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் வந்தன. எஃப்.எச்.ஏ. தானே கடன் தருவதில்லை. வங்கி தரும் கடனுக்குக் காப்பீடு தரும். அந்தக் காப்பீடு இருந்ததால் 20 சதவீத முன்பணமும் 20 ஆண்டுத் தவணையும் சாத்தியமாயின. மாதச் சம்பளக்காரர் சொந்த வீடு கட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

காப்பீடு என்றால் இடரை அளக்க வேண்டும். கோளாறு நுழைந்தது அந்த அளவுகோலில்தான். கடன் கழகம் 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்ததற்கு நீலம், சரிவில் இருப்பதற்கு மஞ்சள், ஆபத்தானதற்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் கிட்டத்தட்ட எல்லாமே சிவப்பு. எல்லாப் பழியையும் இந்த வரைபடத்தின் மேல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. கடன் கழகம் கறுப்பினத்தவருக்கும் கடன் கொடுத்தது. பெரிய சேதம் எஃப்.எச்.ஏ.யின் மதிப்பீட்டு விதிகளால் வந்தது. ஒரு பகுதியில் வேறு இனத்தவர் குடியேறக்கூடும் என்றாலே அங்கே காப்பீடு கிடைப்பது அரிது. டெட்ராய்டில் 1941இல் ஒரு கட்டுமான நிறுவனம், கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி ஆறடி உயரத்தில் அரை மைல் நீளச் சுவர் எழுப்பிய பிறகே அதன் வெள்ளையர் குடியிருப்புத் திட்டத்துக்குக் காப்பீடு கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

கிரயப் பத்திரத்திலேயே ‘வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது’ என்று எழுதும் பழக்கமும் இருந்தது. 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. எழுதுவதே குற்றம் என்று சொல்லவில்லை. புதிதாக அப்படி எழுதும் வீடுகளுக்குக் காப்பீட்டை மறுக்க எஃப்.எச்.ஏ.யும் 1950 பிப்ரவரி வரை அவசரப்படவில்லை. போர் முடிந்து திரும்பிய வீரர்களின் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் எழுத்தில் இனப் பாகுபாடு கிடையாது. ஆனால் கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. மிசிசிப்பி நகரங்களில் 1947இல் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டே இரண்டு.

வங்கி கைவிரித்த பின்னும் வீடு வேண்டுமே! சிகாகோவில் தரகர்கள் வெள்ளையரிடம் ‘கறுப்பர் வருகிறார்கள், விலை விழப்போகிறது’ என்று பயமுறுத்தி வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். பிறகு கறுப்பினக் குடும்பத்திடம் ஏறக்குறைய இரு மடங்கு விலை வைத்து, ஒப்பந்தத் தவணையில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவர் பெயரில்தான். ஒரு தவணை தவறினால் போதும்: முன்பணம், அதுவரை கட்டிய பணம், கைக்காசு போட்டுச் செய்த பழுதுபார்ப்பு எல்லாம் போய், குடும்பம் தெருவுக்கு வரும். அதே வீடு அடுத்தவருக்கு மறுபடி விற்கப்படும். தவணை தவறாமலிருக்கக் குடும்பங்கள் கூடுதல் வேலைக்குப் போயின, அறைகளை உள்வாடகைக்கு விட்டன, கூரை ஒழுகினாலும் தள்ளிப்போட்டன. தெரு நலிந்தது. நலிந்த தெருவைக் காட்டி ‘பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம்’ என்றார் மதிப்பீட்டாளர். சிகாகோவின் லான்டேல் பகுதி மக்கள் 1968இல் சங்கம் சேர்ந்து தவணையை நிறுத்திப் போராடியதையாவது அந்தக் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. ஆனால் அது பல்லில்லாத சட்டம். புகார் வந்தால் வீட்டுவசதி அமைச்சகம் சமரசம் பேசலாம், அவ்வளவே. வழக்குப் போட்டு வென்றாலும் தண்டத் தொகைக்கு உச்சவரம்பு 1,000 டாலர். இருபது ஆண்டு கழித்து, 1988 திருத்தத்தில்தான் இது மாறியது. அதற்குள் புறநகர் வீடுகளின் விலை பல மடங்கு ஏறியிருந்தது. கதவு திறந்தபோது உள்ளே போகக் காசு இல்லை.

பள்ளிக்கூடம் இதோடு பிணைந்தது. அங்கே பள்ளி நிதியில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. 1973இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த டெக்சாஸ் வழக்கின் கணக்கைப் பாருங்கள். சான் அன்டோனியோவில் மெக்சிகோ வம்சாவளியினர் அதிகம் வாழ்ந்த எட்ஜ்வுட் பள்ளி வட்டாரம், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டியும் ஒரு மாணவருக்கு 356 டாலர்தான் தேறியது. வசதியான அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் கட்டி 594 டாலர் செலவிட்டது. அதிக விகிதத்தில் வரி கட்டியவருக்குக் குறைந்த பள்ளி! நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இது அரசமைப்புக்கு விரோதமில்லை என்றது. மறு ஆண்டே டெட்ராய்டு வழக்கில், நகரத்துப் பிள்ளைகளைப் புறநகர்ப் பள்ளிகளோடு சேர்த்துக் கலக்கும் திட்டத்தையும் அதே 5-4இல் தள்ளியது. இதெல்லாம் சேர்ந்த விளைவு சொத்துக் கணக்கிலும் தெரிகிறது: அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900.

இது கறுப்பர், வெள்ளையர் விவகாரம் மட்டும்தான் என்று நம்மவர் விலகி நிற்கவும் இடமில்லை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்பானது. குடியுரிமைக்குத் தகுதியற்றவர் விவசாய நிலம் வாங்க கலிஃபோர்னியச் சட்டம் 1913 முதலே தடை விதித்திருந்தது. குடியுரிமைக் கதவு 1946இல்தான் திறந்தது. அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும் தமிழர்கள், தாய்ப்பத்திரத்தில் அந்த இன நிபந்தனை வரி இருக்கிறதா என்று படித்துப் பார்க்கலாம். 1968க்குப் பின் அது செல்லாது, ஆனாலும் பல பத்திரங்களில் அப்படியே கிடக்கிறது. கலிஃபோர்னியாவில் இதை நீக்கத் தனிப் படிவமே உண்டு. அந்தப் பத்திரப் பக்கத்தின் நகலோடு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவாளரிடம் கொடுத்தால், கவுண்டி வழக்கறிஞர் பார்த்து ஒப்புதல் தருவார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்